விபத்துக்கு யார் பொறுப்பு?

ஒரு தொழிற்சாலையிலே கொதிகலம் வெடித்தோ, கூரை சரிந்தோ, இயந்திரத்தில் கை அகப்பட்டோ ஒரு தொழிலாளி உயிரையோ உறுப்பையோ இழக்க நேர்ந்தால், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன்னரே அவரைப் பற்றிய தீர்ப்பு நிர்வாக அலுவலகத்தில் எழுதப்பட்டுவிடுகிறது என்பதை ஆலைத்தொழிலாளர் வாழ்க்கையோடு சிறிதேனும் பழகியவர்கள் அறிவார்கள். ‘தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது’ என்னும் அந்த வாக்கியம், தேசம் மாறினும் காலம் மாறினும், பஞ்சாலையானாலும் பட்டாசு ஆலையானாலும் இரசாயன ஆலையானாலும், தன் சொற்களில் ஒன்றுகூட மாறாமல் அறிக்கைதோறும் இடம்பெற்று வருகிறது. அது எங்கே பிறந்தது, அதற்குச் சட்டமும் சாஸ்திரமும் வகுத்துக் கொடுத்தவர்கள் யார், அதை மெய்யென்று நம்பிய இடங்களில் விளைந்தது என்ன, நம்ப மறுத்து ஆராய்ந்த இடங்களில் வெளிப்பட்டது என்ன என்பவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிலைமையை மாற்றும் அதிகாரம் யார் கையில் எவ்வளவு இருந்ததோ, அந்த நிலைமையால் விளைந்த அனர்த்தத்திற்கு அவர் அவ்வளவு பொறுப்பாளி. இது சிறு பிள்ளையும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயம். ஆயினும் பெரும்பாலான ஆலைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. எச்சரிக்கை கீழிருந்து மேலே போகையில் ஒவ்வொரு படியிலும் தடைபட்டு நிற்கிறது. பழியோ மேலிருந்து கீழே வருகையில் எந்தப் படியிலும் தங்காமல், அதிகாரம் எதுவுமே இல்லாத கடைசி மனிதர்மேல் வந்து விழுகிறது. அபாயத்தை முன்கூட்டிச் சொன்னவரே பிறகு அந்த அபாயத்திற்குக் காரணமானவர் என்று குற்றம் சாட்டப்படும்போது அவர் மனத்தில் எழும் கொதிப்பைத் தொழிற்சங்கக் கூட்டங்களில் நான் பலமுறை நேரிற் கண்டிருக்கிறேன். அந்தக் கொதிப்பு நியாயமானதே என்பதைச் சரித்திரமும் உறுதிப்படுத்துகிறது.

இங்கிலாந்தில் கசாப்புக்கடைக்காரர் ஒருவரிடம் வேலைபார்த்த பிரீஸ்ட்லி என்னும் பையன், அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றிய வண்டியில் அனுப்பப்பட்டு, வண்டி முறிந்து விழுந்ததில் தொடையெலும்பு நொறுங்கி, எசமானர்மேல் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடர்ந்தான். லிங்கன் நகரத்து ஜூரிமார் அவனுக்கு 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் 1837-இல் மேல் நீதிமன்றத்தில் அபிங்கர் பிரபு அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். வண்டியில் பாரம் அதிகமா என்பதை எசமானரைக் காட்டிலும் வேலைக்காரனே நன்றாக அறிந்திருக்கக் கூடும். ஏற விருப்பமில்லையேல் அவன் மறுத்திருக்கலாம். மறுக்காமல் ஏறினமையின் அபாயத்தை அவனே ஏற்றுக்கொண்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். மறுத்திருந்தால் அந்தப் பையனுக்கு மறுநாள் வேலை இருந்திருக்குமா என்ற கேள்வி அந்த நியாயஸ்தலத்தில் எழவேயில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து, 1842-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ரயில் இஞ்சின் டிரைவர் ஒருவர், தண்டவாளத்தைத் திருப்பிவிடும் சிப்பந்தியின் தவற்றால் இஞ்சின் தடம்புரண்டு வலது கையை இழந்த வழக்கு தீர்ப்புக்கு வந்தது. பிரதம நீதிபதி லெமுவேல் ஷா, டிரைவருக்குக் கொடுக்கப்படும் கூடுதல் சம்பளத்திலேயே இத்தகைய ஆபத்துக்கான விலையும் அடங்கியிருக்கிறது என்றும், உடன் வேலைசெய்பவனின் பிழைக்கு முதலாளி உத்தரவாதம் ஆகமாட்டார் என்றும் தீர்ப்பளித்தார். இத்தகைய வழக்குகளின் வழியே மூன்று கோட்பாடுகள் நிலைபெற்றன. தொழிலாளி தானும் சிறிது கவனக்குறைவாக இருந்திருந்தால் அவருக்கு எதுவுமில்லை. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தாரெனில் எதுவுமில்லை. சக தொழிலாளியின் பிழையெனில் அப்போதும் எதுவுமில்லை. ஒரு விபத்து இம்மூன்றுக்கும் தப்புவது எத்துணை அரிது என்பதை விளக்க வேண்டுவதில்லை. பிரிட்டனில் 1880-ஆம் ஆண்டுச் சட்டமும், தவறு யாருடையதென்று பாராமலே நஷ்டஈடு வழங்கச் செய்த 1897-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த அரணைச் சிறிது சிறிதாக உடைத்தன. சக தொழிலாளி என்னும் கோட்பாடு அங்கே முற்றிலும் ஒழிந்தது 1948-இலேதான். நம் நாட்டில் 1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும், 1938-இல் முதலாளிகள் பொறுப்புச் சட்டமும் வந்தன.

1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலே கவனித்துப் படிக்கவேண்டிய ஒரு விலக்கு இருந்தது. குடித்திருந்ததாலோ, பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ, பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே அகற்றியதாலோ நேர்ந்த காயத்திற்கு, அது மரணத்திலோ நிரந்தர முழு ஊனத்திலோ முடியாதபோது, முதலாளி ஈடு தரவேண்டியதில்லை என்றது அது. பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த விலக்கு தொழிற்கூடத்தில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிய, தகடு வெட்டும் பிரஸ் ஒன்றின் அருகே சிறிது நேரம் நின்று பார்த்தல் வேண்டும்.

அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரு கைகளாலும் இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினாலன்றி மேலச்சு கீழே இறங்காது. ஆதலின் அச்சு இறங்கும்போது கை உள்ளே இருப்பதற்கில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் தகட்டை வைத்து, இரு கைகளையும் விலக்கி, பொத்தான்களை அழுத்தி, மீண்டும் கையை நீட்டி எடுப்பதற்கு ஒவ்வொரு தடவையும் சில வினாடிகள் அதிகமாகின்றன. ஷிப்ட் முடிவதற்குள் இத்தனை உருப்படிகள் என்று சுவரிலே எழுதிவைத்திருக்கும் எண்ணிக்கையோ, பொத்தான்களைக் கணக்கில் வைத்து எழுதியதன்று. ஆகவே ஒரு பொத்தானில் கம்பியைச் சுற்றி எப்போதும் அமுங்கியே இருக்கும்படி கட்டிவிடுகிறார்கள். அல்லது காலால் மிதிக்கும் பெடலை இணைத்துவிடுகிறார்கள். சூப்பர்வைசர் நாள்தோறும் அவ்வழியே நடக்கிறார்; கம்பியும் பெடலும் அவர் கண்ணில் படாமலில்லை. உற்பத்தி கூடியதற்காக மாதக் கடைசியில் அவருக்குப் பாராட்டும் கிடைக்கிறது. பிறகு ஒருநாள் ஒரு வாலிபரின் இரண்டு விரல்கள் அச்சின் கீழே போய்விடுகின்றன. அன்று மாலையே அவர் பெயருக்கு மெமோ தயாராகிறது: ‘பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்து இயந்திரத்தை இயக்கியமைக்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது?’ கட்டிய கம்பியை அவிழ்த்தெறியும் வேலையும் அதே மாலையில் முடிந்துவிடும். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது இயந்திரம் சட்டப்படி நிற்கும். சட்டத்தை மீறியவராகக் கட்டுப்போட்ட கையோடு தொழிலாளி நிற்பார்.

1955-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, சாணைக்கல்லில் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொண்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், அபாயமான பாகத்தை மூடிவைக்கும் கடமைக்கு விலக்கே இல்லை என்று கூறியது. மூடினால் இயந்திரம் பயன்படாமற் போகும் என்பதும் சமாதானமாகாது என்றது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் அவ்வகைக் கடமையையே விதித்தது. சட்டம் வாசகத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் நடைமுறையில் பழி இடம்மாறிப் போவதற்குச் சட்டத்திற்கு வெளியே ஒரு காரணம் இருக்கவேண்டும். அதைத் தேடினால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் போக நேரிடுகிறது.

பென்சில்வேனியாவின் எஃகு நகரமாகிய பிட்ஸ்பர்க் அமைந்துள்ள மாவட்டத்தில், 1906 ஜூலை முதல் ஓராண்டில் வேலையிடத்திலே மாண்ட 526 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தவர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்னும் பெண்மணி. 1910-இல் நூலாக வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், கவனக்குறைவு என்னும் ஒரே பெயருக்குள் எத்தனை வெவ்வேறு சங்கதிகளைத் திணித்திருக்கிறார்கள் என்பதை அவர் பிரித்துக் காட்டினார். சிறு வயதின் அறியாமை, புதிதாக வந்தவரின் பழக்கமின்மை, நீண்ட வேலைநேரத்தின் களைப்பு, உலையின் வெக்கையிலும் இரைச்சலிலும் மங்கிப்போகும் கவனம், விரைவு வேண்டுமென்ற நெருக்கடி ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடந்தன. பன்னிரண்டு மணி நேரம் உலைக்களத்தில் நின்றவரின் கவனம் கடைசி மணியில் தளர்வதைக் குணக்கேடென்று சொல்வது எவ்வகையில் நீதியாகும்?

ஈஸ்ட்மனின் குரல் ஓங்கியிருக்க வேண்டும். ஆனால் இருபதாண்டுகளில் வேறொரு குரலே உலகெங்கும் ஓங்கியது. டிராவலர்ஸ் என்னும் இன்சூரன்ஸ் கம்பெனியில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஹெயின்ரிக், 1931-இல் வெளியிட்ட தம் நூலில், விபத்துகளில் 100-க்கு 88 தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற செய்கைகளால் நேர்பவை, 10 பாதுகாப்பற்ற சூழ்நிலையால் நேர்பவை, 2 தவிர்க்க இயலாதவை என்று கணக்கிட்டார். இந்த 88, பொறியியற் பாடப்புத்தகங்களிலும், பாதுகாப்பு வாரச் சொற்பொழிவுகளிலும், ஆலைச் சுவரொட்டிகளிலும் ஏறிப் பல தலைமுறைகளாக வேதவாக்கியம்போல் ஓதப்பட்டது. அவர் எதைக்கொண்டு கணக்கிட்டார்? இன்சூரன்ஸ் கோப்புகளையும், ஆலைகளின் மேற்பார்வையாளர்கள் எழுதிய விபத்துக் குறிப்புகளையும் கொண்டு. அம்மூலக் குறிப்புகள் பிற்காலத்தார் சரிபார்ப்பதற்குக் கிடைக்கவுமில்லை. தம் மேலதிகாரியைக் குற்றம் சொன்னால் தம் உத்தியோகத்திற்கே ஆபத்து என்ற நிலையிலுள்ள மேற்பார்வையாளர், ‘காரணம்’ என்னும் குறுகிய கட்டத்தில் தமக்குக் கீழே உள்ளவரின் பெயரை எழுதுகிறார். அவ்வாறு எழுதிய ஆயிரக்கணக்கான கட்டங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தொழிலாளரே குற்றவாளிகள் என்பது விஞ்ஞானத்தால் நிரூபணமாயிற்று என்கிறார்கள். பேனா யார் கையில் இருந்தது என்பதை மறந்துவிட்ட புள்ளிவிவரம் இது.

அதே காலத்தையொட்டி நடந்த வேறொரு சம்பவம் இதற்கு நல்ல மறுப்பாக அமைகிறது. இரண்டாம் உலகயுத்தத்தின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள், பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடங்கி வயிற்றால் உராய்ந்து சேதமடைவது அடிக்கடி நிகழ்ந்தது. விமானி இறக்கைமடலைச் சுருக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கும் விசையைத் தள்ளிவிடுகிறார். ஆகவே விமானியின் பிழை என்று எழுதி முடித்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலறிஞர் விமானத்தின் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு விசைகளும் அருகருகே, ஒரே வடிவத்தில், தொட்டால் வேறுபாடு தெரியாதபடி இருந்தன. சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இருட்டிலும் களைப்பிலும் கை தானே வேறுபாட்டை உணர்ந்துகொண்டது. அந்தப் பிழை மறைந்தது. விமானிகளுக்கு உபதேசம் செய்யவோ, தண்டனை விதிக்கவோ தேவை ஏற்படவில்லை. விசையை வடிவமைத்தவரும், மாற்ற ஆணையிடும் அதிகாரம் படைத்தவரும் விமானத்தில் இல்லை. தரையில் மேசைமுன் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, பழியை ஏற்க மறுப்பது எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதற்கு வேல்ஸ் நாட்டின் ஆபர்ஃபான் கிராமத்தைக் காட்டலாம். 1966 அக்டோபர் 21-ஆம் தேதி காலை, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து எடுத்த கழிவைக் குவித்துக் குவித்து மலைமேலே எழுப்பியிருந்த குன்று நனைந்து சரிந்து, கீழேயிருந்த பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். குன்றின் அடியில் ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்று தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு கூறினார். ஆனால் ஊர் மக்களுக்கு அது தெரியும். நிலப்படங்களிலும் அது குறிக்கப்பட்டிருந்தது. அபாயத்தைப் பற்றிப் புகார்க் கடிதங்களும் போயிருந்தன. எட்மண்ட் டேவிஸ் தலைமையில் 76 நாட்கள் விசாரித்த ஆணையம், பொறுப்பு வாரியத்தினுடையதே என்று ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. தன் பிழையை வாரியம் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தால் விசாரணை இவ்வளவு நீண்டிராது என்றும் குறிப்பிட்டது. அதன்பின் நடந்ததுதான் நெஞ்சை வருத்துவது. எஞ்சிய குன்றுகளை அகற்றும் செலவுக்காக, துயருற்ற குடும்பங்களுக்கென்று உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுன் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1997-இல்தான் அது திருப்பித் தரப்பட்டது. ராபன்ஸ் பிரபுவோ பதவியில் நீடித்ததோடு, 1970-இல் வேலையிடப் பாதுகாப்பைப் பற்றி ஆராயும் அரசாங்கக் குழுவுக்கே தலைவராகவும் நியமிக்கப்பட்டார். 1972-இல் அக்குழு தந்த அறிக்கை, விபத்துகளுக்கு மிக முக்கியமான காரணம் அசிரத்தை என்றது. 1974-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் அவ்வறிக்கையிலிருந்து பிறந்ததே. அதனால் பல நன்மைகளும் விளைந்திருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆபர்ஃபான் தாய்மார்களின் செவியில் அசிரத்தை என்னும் அச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும் என்று எண்ணாமல் அதைப் படிக்க என்னால் முடிந்ததில்லை.

1987 மார்ச் 6-ஆம் தேதி பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ கப்பல், முகப்புக் கதவு திறந்தபடியே கடலிற் சென்று கவிழ்ந்து 193 உயிர்களைப் பலிகொண்டது. கதவை மூடவேண்டிய சிப்பந்தி தம் அறையில் தூங்கிவிட்டார் என்பது மெய். வழக்கமான அறிக்கை அவ்விடத்திலேயே முடிந்திருக்கும். நீதிபதி ஷீன் மேலும் தோண்டினார். கதவு மூடியிருக்கிறதா என்பதைத் தம் மேடையிலிருந்தே அறிந்துகொள்ள ஒரு விளக்கு வைத்துத் தாருங்கள் என்று கேப்டன்கள் முன்னரே கம்பெனிக்கு எழுதியிருந்தார்கள்; கரையிலிருந்த நிர்வாகிகள் அதைப் பரிகாசம் செய்து குறிப்பெழுதித் திருப்பிவிட்டார்கள். ஒரு விளக்கும் சிறிது கம்பியும் கேட்ட கடிதங்கள் அவை. மேலிருந்து கீழ்வரை அந்தக் கம்பெனி முழுவதையும் அலட்சியம் பீடித்திருந்தது என்று ஷீன் எழுதினார். எனினும் 1990-இல் கம்பெனிமேல் தொடுத்த, கொலையாகாத மரணக் குற்ற வழக்கு நிற்கவில்லை. குற்றமுள்ள மனம் உயர்பதவியிலிருந்த யாரேனும் ஒருவரிடம் முழுமையாக இருந்ததென்று காட்ட வேண்டும். பொறுப்பைப் பலர் பகிர்ந்துகொண்ட இடத்தில் அத்தகைய ஒருவரைக் காட்ட முடியவில்லை. சிறிய கம்பெனியின் முதலாளி அகப்படுவார், பெரிய கம்பெனி தப்பிவிடும் என்ற இந்த விபரீதத்தைப் போக்கப் பிரிட்டனுக்கு 2007 வரை ஆயிற்று.

நம் தேசத்தின் போபாலைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் நிறைவுபெறாது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில் 610 என்னும் எண்ணிட்ட தொட்டியிலிருந்த சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கொதித்தெழுந்த விஷவாயு உறங்கிக்கொண்டிருந்த நகரத்தின்மேல் படர்ந்தது. அரசாங்கம் ஒப்புக்கொண்ட உடனடி மரணங்களே ஆயிரக்கணக்கில். பிந்தைய ஆண்டுகளில் அணுவணுவாக மாண்டவர்கள் இன்னும் பலர். அன்றிரவு அந்த ஆலையின் பாதுகாப்பு ஏற்பாடுகள் எந்த நிலையில் இருந்தன? திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டிய குளிர்பதன இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நஞ்சகற்றும் கோபுரம் ஆயத்தமின்றி நின்றது. வெளியேறும் வாயுவை எரித்துவிடவேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. நீர்த்திரை வாயு வெளிவந்த உயரத்தை எட்டவில்லை. தொட்டியின் அளவுமானிகளை நம்ப முடியாததால், கசிவு இருக்கிறதா என்பதைத் தம் கண் எரிவதைக்கொண்டே தொழிலாளர்கள் அறிந்துவந்தார்கள். நஷ்டத்தில் நடந்த ஆலையில் செலவைக் குறைப்பதற்காக ஆட்களின் எண்ணிக்கையும் பயிற்சியும் குறைக்கப்பட்டிருந்தன. இவற்றுள் எந்த ஒன்றையும் தீர்மானிக்கும் அதிகாரம் இரவு ஷிப்டிலிருந்த எந்தத் தொழிலாளிக்கும் இல்லை.

எச்சரிக்கை வரவில்லையா என்றால், ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டார். முகமூடியை அவர் அவசரப்பட்டுக் கழற்றிவிட்டார் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். 1982 மே மாதத்தில் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த நிபுணர்களே ஆலையைச் சோதித்துக் குறைகளைப் பட்டியலிட்டார்கள். தொழிற்சங்கத்தார் முறையிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, நகரம் எரிமலையின் விளிம்பிலே இருக்கிறதென்று அதே ஆண்டில் எழுதினார். இத்தனைக்கும் பிறகு அனர்த்தம் நிகழ்ந்தபோது கம்பெனி முன்வைத்த வாதம் என்ன? அதிருப்தியுற்ற தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே தண்ணீர்க் குழாயைத் தொட்டியோடு இணைத்துவிட்டார் என்பது. 1988-இல் ஓர் ஆலோசனை நிறுவனத்தைக்கொண்டு இதற்கு விஸ்தாரமான கட்டுரையும் எழுதி வாசித்தார்கள். ஆனால் அந்தத் தொழிலாளி இன்னாரென்று எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை. விவாதத்திற்காக அதை ஒப்புக்கொண்டாலும், ஒரு ரப்பர்க் குழாயால் ஒரு நகரத்தையே கொல்ல முடியும் என்ற நிலைமையை உண்டாக்கி வைத்தவர்கள் யார் என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது. தண்ணீர் எந்தக் கையால் வந்தாலும், குளிர்பதனமும் கழுவுகோபுரமும் எரிகோபுரமும் அதைத் தாங்குவதற்கென்றே கட்டப்பட்டவை அல்லவா? 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 1996-இல் குற்றச்சாட்டு, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல் என்னும் சிறு பிரிவுக்குக் குறைக்கப்பட்டது. 2010 ஜூன் 7-ஆம் தேதி இந்திய அதிகாரிகள் எழுவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் விசாரணைக்கு வராமலே 2014-இல் காலமானார்.

பழி சுமத்தும் வழக்கமே விபத்தை உண்டாக்கிவிடும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. 2005 ஏப்ரல் 25-ஆம் தேதி அமகசாகி நகரில் தடம்புரண்ட ரயிலில், 23 வயது டிரைவர் உட்பட 107 பேர் இறந்தார்கள். தண்டவாளத்தில் யாரோ கல் வைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தை ரயில்வே கம்பெனி முதல்நாளே கிளப்பிவிட்டது. விசாரணையில் வெளிப்பட்டது வேறு. முந்தைய நிலையத்தில் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்றுவிட்ட அந்த வாலிபர், அந்தத் தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கண்டக்டரைக் கேட்டுக்கொண்டு, கண்டக்டர் ரேடியோவில் என்ன சொல்கிறார் என்பதில் காதைப் பறிகொடுத்திருந்த வேளையில், 70 கிலோமீட்டர் வேகத்திற்கு வரையறுத்த வளைவை 116-இல் எட்டிவிட்டார். சிறு தாமதத்திற்கும் டிரைவர்களை நாட்கணக்காக உட்காரவைத்து மன்னிப்புக் கட்டுரை எழுதச்செய்து, களைபிடுங்கவும் விட்டு அவமானப்படுத்தும் ‘மறுபயிற்சி’ அக்கம்பெனியில் நிலவியது. அவர் அஞ்சியது வளைவை அன்று, அந்த மறுபயிற்சியை.

தமிழ்நாட்டின் சிவகாசி வட்டாரத்தில் பழி இறங்கும் படிகள் இன்னும் அதிகம். உரிமம் ஒருவர் பெயரில்; ஆலையை நடத்துபவர் உள்குத்தகைக்கு எடுத்த மற்றொருவர்; கூலியோ உருப்படிக் கணக்கில். மருந்து கலக்கும் அறையில் இத்தனை பேர்தாம், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருந்தும், தீபாவளி நெருங்க நெருங்க அறையிலும் மரத்தடியிலும் ஆட்கள் பெருகுகிறார்கள். வெடித்த பிறகு ‘உராய்வினால்’ என்று செய்தி வருகிறது. போர்மேன் கைதாகிறார். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்டபோது, விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகளே தெரிவித்தார்கள். நிறுத்தப்பட்ட ஆலைக்குள் அத்தனை பேரும் வேலைக்குப் போனது எப்படி என்பதற்கு மாண்டவர்களா உத்தரம் சொல்ல முடியும்? கழிவுநீர்க் குழிகளில் இறங்கி மூச்சடைத்து மடிகிறவர்கள் விஷயமும் இவ்வாறே. நகராட்சி காண்டிராக்டரைக் காட்டும். காண்டிராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். கவசம் கொடுத்தோம், அவர்தாம் அணியவில்லை என்பார் மேஸ்திரி. கவசமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் இன்றி மனிதரை இறக்குவதே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயிருக்க, அவர்தாம் அணியவில்லை என்ற பேச்சுக்கு இடமேயில்லை. 2014-இல் 10 லட்சமாக விதித்த ஈட்டுத்தொகையை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தும் சாவு நிற்கவில்லை.

அப்படியானால் தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 111-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே விதித்தது. குடித்துவிட்டு கிரேன் ஓட்டுபவரை எந்தத் தொழிற்சங்கமும் ஆதரிக்கலாகாது. நடுவில் அகப்பட்டுத் தவிக்கும் சூப்பர்வைசர்களிடமும் எனக்கு இரக்கம் உண்டு. மேலிருந்து உற்பத்தி எண்ணிக்கையும் கீழிருந்து முறையீடும் ஒரே சமயத்தில் அழுத்த, இரண்டுக்கும் பதில் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்படவில்லை. ஆனால் ஒரு மனிதரின் ஒரு நிமிஷத் தவறு மரணத்தில் முடியுமாறு அமைத்த வேலை, அமைப்பிலேயே பிழையான வேலை. தவறுவது மனித இயல்பு என்று தெரிந்தே ஆலை கட்டவேண்டும். அந்தக் கடமை கட்டுபவருடையது.

நம் சட்டம் இதை உணராமலில்லை. டில்லியில் 1985 டிசம்பரில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், அபாயகரமான தொழிலை நடத்துபவர் எந்த விலக்கும் இன்றி முழுப்பொறுப்பாளி என்று நீதிபதி பகவதி 1986-இல் அறுதியிட்டார். தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் செய்த திருத்தம், கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரே தொழிற்சாலையின் பொறுப்பாளராகக் கருதப்படுவார் என்றது. அதுவரை சம்பளத்திற்கு இருக்கும் மானேஜர் ஒருவரைப் பொறுப்பாளர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு டைரக்டர்கள் விலகிக்கொண்டார்கள். திருத்தத்தை எதிர்த்துப் பல கம்பெனிகள் வழக்காடின. 1996-இல் உச்ச நீதிமன்றம் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் திருத்தத்தை உறுதிசெய்தது. ஆயினும் அதே சட்டத்தின் 101-ஆம் பிரிவு, தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொண்டதாகக் காட்டி, உண்மைக் குற்றவாளி இன்னாரென்று வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பொறுப்பாளர் விடுதலையடையலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ‘தக்க ஜாக்கிரதை’க்குச் சான்று எது? தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கிவைத்த பயிற்சிப் பதிவேடு. படிக்க நேரம் தராமல், ஷிப்ட் மாறும் அவசரத்தில் வாங்கிய கையெழுத்துகள் எத்தனையோ அதில் உண்டு.

1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தொழிலாளர்க்கு மிகவும் அருமையானதென்று நான் கருதுவது 41-எச் பிரிவு. அபாயத் தொழில் நடக்கும் ஆலையில் உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம் என்றது அது. பொறுப்பாளர் உடனே பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டுமென்று 41-ஜி பிரிவு கூறியது. பழைய சட்டங்களைத் தொகுத்து 2020-இல் இயற்றிய புதிய தொகுப்பிலோ, அத்தகைய குழு அரசாங்கம் ஆணையிடும் இடங்களில் அமைவது என்றாகிவிட்டது. இது பின்னோக்கிய அடி என்றே நான் எண்ணுகிறேன்.

விபத்து அறிக்கையின் படிவத்தை மாற்றவேண்டும் என்பது என் வேண்டுகோள். ‘காரணம்’ என்னும் கட்டத்தை நிரப்பும் வேலையை அந்த ஆலையின் சம்பளத்தில் இல்லாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் கீழே, அந்த இயந்திரத்தைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ முந்தைய ஓராண்டில் வந்த ஒவ்வொரு முறையீடும், வந்த தேதியோடும், அதைப் பெற்றுக்கொண்டவர், செலவு அதிகமென்றோ பிறகு பார்ப்போமென்றோ ஒதுக்கியவர் ஆகியோரின் பெயர், பதவியோடும் இணைக்கப்படல் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் விபத்துக்குப் பிறகு சொல்லப்படாததாகிவிடுவதால், முறையீட்டின் நகலொன்று தேதி முத்திரையுடன் தொழிலாளியிடமே இருக்கவேண்டும். அந்த நகல் இல்லாமல் விசாரணை அதிகாரி அறிக்கையை ஏற்கலாகாது.